முழுக்கொடைக் குடியிருப்பு

அந்த ஆண்டுகளில் மின்சாரக் கார் வாங்கியவர்கள் யாரும் சாலை வரி கட்டவில்லை. பதிவுக் கட்டணமும் இல்லை. கார் கடனின் வட்டியை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். விலையில் பெரும்பங்கை அரசாங்கமே மானியமாகக் கொடுத்தது. இத்தனைக்கும் பதிலாக அது கேட்டது ஒன்றுதான். பொழுது சாய்ந்ததும் வண்டியைக் கொண்டுவந்து, சுவரில் மாட்டியிருக்கும் மின்கொடைப் பெட்டியில் சொருகிவிட வேண்டும்.

பகலில் வெயிலுக்குப் பஞ்சமில்லை, அதனால் மின்சாரத்துக்கும் பஞ்சமில்லை. அலுவலக வாசல்களில் நின்ற கார்கள் வயிறு நிறைய ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வரும். சூரியன் இறங்கி, ஊர் முழுக்க ஏசி ஓடத் தொடங்கும்போது அதே கார்களிலிருந்து மின்கொடை வாரியம் திரும்ப எடுத்துக்கொள்ளும். எவ்வளவு எடுத்தாலும் ஐந்தில் ஒரு பங்கை வண்டியிலேயே விட்டுவைக்கும். அவசரத்துக்கு ஓர் ஆஸ்பத்திரி போய்வர அது போதும் என்று சட்டம் செய்தவர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். வீட்டில் தனியாக பேட்டரி வைத்துக்கொள்ளலாம் என்றால் அதற்குக் கடுமையான வரி. பேட்டரி என்று ஒன்று இருந்தால் அது காரில்தான் இருக்க வேண்டும், கார் வாரியத்தோடு கட்டப்பட்டிருக்க வேண்டும் என்பது கொள்கை.

தனி ஆளுக்குச் சலுகை என்பது போக, கட்டடத்துக்கும் ஒரு சலுகை இருந்தது. ஒரு குடியிருப்பின் எல்லா வண்டிகளும் மாலைதோறும் தவறாமல் சொருகப்பட்டால் அதற்கு ‘முழுக்கொடைக் குடியிருப்பு’ என்று பெயர். அங்கே சொத்து வரி கிடையாது, மின்வெட்டும் கிடையாது. ஒரே ஒரு வண்டி விடுபட்டுப் போனாலும் அன்று மாலை அந்தக் கட்டடம் ஊரோடு சேர்ந்து இருட்டில் உட்கார வேண்டியதுதான்.

திருச்சியில் பொன்னி அப்பார்ட்மென்ட்ஸ் அந்தப் பெயரை வாங்கி ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. வாங்கிக் கொடுத்தவர் சங்கச் செயலாளர் அமலோற்பவம் டீச்சர்.

பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. ஒரே மகன் கனடாவில். தினமும் விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கீழ்த்தளத்துக்கு இறங்கிப்போய், காலைப் பிரார்த்தனையில் வரிசையாக நிற்கும் பிள்ளைகளைப் பார்ப்பதுபோல ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துக்கொண்டே நடப்பார். எல்லாவற்றிலும் பச்சை எரிந்தால் மேலே வந்துவிடுவார். எதிலாவது சிவப்பு எரிந்தால் அந்த வீட்டுக்குப் போய் அழைப்பு மணியை அழுத்துவார். அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. வாசலில் வந்து நிற்பார். அது போதும்.

தெருவுக்கு எதிர்ப்புறம் மங்களம் ஃபிளாட்ஸ். அங்கே பாதிப் பேர் சொருக மாட்டார்கள். மாலையானால் கட்டடம் இருண்டு கிடக்கும். ஆண்கள் பனியனோடு பால்கனியில் உட்கார்ந்து செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருப்பார்கள். “மானியம் மட்டும் வேணும், குடுக்க மட்டும் மனசு வராது” என்பார் டீச்சர். ஒருமுறை தெருவைத் தாண்டிப் போய், துரைக்கண்ணு என்ற அந்தக் கட்டடத்து ஆளிடம் இதை நேராகவே சொல்லியும் வந்தார். அவன் சிரித்துக்கொண்டே, “எங்களுக்கு இருட்டு பழகிடுச்சும்மா” என்றான்.

அந்தச் சித்திரையில் வெயில் முன்பு எந்த வருஷமும் இல்லாத அளவுக்குக் காய்ந்தது. காலையில் திறந்த குழாயில் வெந்நீர் வந்தது. பள்ளிகளை மூடினார்கள். அக்னி நட்சத்திரம் இன்னும் பிறக்கவே இல்லை. அப்படி ஒரு மாலையில் பொன்னி அப்பார்ட்மென்ட்ஸில் மின்சாரம் போயிற்று.

டீச்சர் டார்ச்சோடு கீழே இறங்கினார். மூன்றாம் மாடி மகிழனின் பெட்டியில் சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. வயர் சுருட்டியபடி ஆணியில் தொங்கியது.

அவர் படியேறும்போதே சங்கப் பொருளாளர் காஜா மொய்தீன் எதிரே வந்தார். டயர் வியாபாரம் செய்பவர். அவருடைய தம்பி விபத்தில் முதுகெலும்பு உடைந்து வருஷக்கணக்காகப் படுக்கையில் இருந்தான். புண் வராமலிருக்க, காற்று மாறிக்கொண்டே இருக்கும் மெத்தையில் அவனைப் படுக்கவைத்திருந்தார்கள்.

“டீச்சர், மெத்தை நின்னுபோச்சு,” என்றார் காஜா மொய்தீன். “நானும் வீட்லயும் மாத்தி மாத்திப் புரட்டிப் போடறோம். ஆனா இந்த வெக்கையில முதுகு வெந்துடும். யார்னு பார்த்துச் சொல்லுங்க.”

“பார்த்துட்டேன் பாய். நான் பேசறேன்.”

மகிழன் கதவைத் திறந்தான். மென்பொருள் வேலை பார்க்கும் பையன், முப்பது வயது இருக்கும். உள்ளே தரையில் ஈரத்துண்டை விரித்து அதன்மேல் அவன் மனைவி சஹானா உட்கார்ந்திருந்தாள். எட்டு மாதம் முடிந்திருந்தது. கால்கள் இரண்டும் வீங்கி, கணுக்கால் எங்கே என்று தெரியவில்லை.

“வாங்க டீச்சர். நீங்க வருவீங்கன்னு தெரியும்,” என்றான் மகிழன்.

“வண்டி ரிப்பேரா தம்பி?”

“இல்ல. நான்தான் சொருகல. இவளுக்கு பிரஷர் ஏறுது. தலைவலி, கண்ணு மங்கற மாதிரி எதாவது வந்தா உடனே தூக்கிட்டு வந்துடுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. வண்டி ரெடியா இருக்கணும்.”

“சொருகினாலும் ரெடியாதானே இருக்கும்? அஞ்சுல ஒரு பங்கை அவங்க தொடவே மாட்டாங்க. பெரியாஸ்பத்திரிக்குப் போயிட்டு நாலு தடவை திரும்பி வரலாம்.”

“தெரியும் டீச்சர். இருந்தாலும் மனசு கேக்கல.”

டீச்சர் சஹானாவின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். முந்தானையால் அவள் கழுத்து வியர்வையைத் துடைத்துவிட்டார்.

“நீ சொல்லும்மா. ஃபேன் இல்லாம இப்படி வேர்த்துக் கொட்டறது உனக்கு நல்லதா? மேல பாயோட தம்பி புண்ணோட கிடக்கான். ஆளுக்கு ஒரு காரணம் இருக்கும். எல்லாரும் அவங்கவங்க காரணத்தைப் பார்த்தா எதிர் ஃபிளாட் மாதிரி ஆயிடுவோம்.”

சஹானா கணவனைப் பார்த்தாள். “சொருகிடுங்க,” என்றாள் மெதுவாக. “எனக்காக முப்பத்தாறு வீடு இருட்டுல இருக்கறது நல்லா இல்ல.”

“என் வண்டியும் கீழதான் நிக்குது,” என்றார் டீச்சர். “எந்த நேரம்னாலும் என் பெல்லை அடி. நானே ஓட்டிட்டு வரேன். இது என் பொறுப்பு.”

மகிழன் கீழே இறங்கிப் போனான். சிறிது நேரத்தில் ஃபேன் சுற்றியது. மாடிகளில் கதவுகள் திறந்தன, யாரோ சிரித்தார்கள். சஹானா கண்ணை மூடிக் காற்றை வாங்கிக்கொண்டாள். நல்ல காரியம் ஒன்று செய்து முடித்த நிறைவோடு டீச்சர் வீட்டுக்குப் போனார்.

அடுத்த வாரம் ஒரு பிற்பகலில் மேற்கே புழுதிக்காற்று எழும்பியது. செம்மண் நிறத்தில் வானம் மூடிக்கொள்ள, சூரியத் தகடுகள் பயனற்றுப் போயின. காற்றில் பெரிய மின்பாதை ஒன்று சாய்ந்ததாகவும் செய்தி வந்தது. மாலையில் ஊரின் பாதி இருண்டுவிட்டது. பொன்னியில் மட்டும் விளக்குகள் எரிந்தன. டீச்சரின் கைபேசியில் வாரியத்திலிருந்து ஒரு செய்தி: ‘அவசர நிலை. உங்கள் கூடுதல் கொடைக்கு நன்றி.’ அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. கூடுதல் என்றால் என்ன என்று அவர் யோசிக்கவில்லை. இரவு உணவுக்கு இட்லி ஊற்றப் போனார்.

அழைப்பு மணி விடாமல் அடித்தது.

மகிழன் நின்றிருந்தான். சட்டைப் பொத்தான்கள் மாறிப் போட்டிருந்தன. “டீச்சர், உங்க வண்டி. என்னோடது நகரல. அவளுக்கு வலிப்பு வந்துடுச்சு.”

அவர் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார். அவருடைய காரும் நகரவில்லை. திரையில் பூஜ்யம் காட்டியது. பக்கத்து வண்டியில் பூஜ்யம். அதற்கடுத்ததிலும் அப்படித்தான். காஜா மொய்தீனும் இன்னும் நான்கைந்து பேரும் இறங்கிவந்து அவரவர் வண்டியைத் திறந்து பார்த்தார்கள். பெட்டிகளிலெல்லாம் பச்சை எரிந்துகொண்டிருந்தது. முப்பத்தாறு வண்டிகள் இருந்தும் தெருமுனைவரை ஓட ஒன்றிலும் உயிர் இல்லை. எடுக்கிற நேரத்தில் பெட்டி கொடுக்காது என்பதால் ஏற்றவும் வழியில்லை.

ஆம்புலன்ஸுக்கு அடித்தார்கள். வெயிலில் விழுந்தவர்களைத் தூக்கிக்கொண்டு எல்லா வண்டிகளும் வெளியே போயிருந்தன, காத்திருக்கச் சொன்னார்கள். மின்சார ஆட்டோக்களும் அன்று தெருவில் இல்லை. சஹானாவை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். அவள் புடவையில் ரத்தம் படர்ந்திருப்பதை டீச்சர் வாசல் விளக்கின் வெளிச்சத்தில் பார்த்தார்.

எதிரே மங்களம் ஃபிளாட்ஸ் இருட்டில் கிடந்தது. பால்கனியிலிருந்து ஒருவன், “என்னாச்சு?” என்று கேட்டான். அவன் தானாகவே பார்த்துப் புரிந்துகொண்டான். சற்று நேரத்தில் புழுதி படிந்த பழைய கார் ஒன்று முன்விளக்கோடு தெருவைக் கடந்து வந்து நின்றது. துரைக்கண்ணு பனியனோடு இறங்கிப் பின்கதவைத் திறந்துவிட்டான்.

“ஏத்துங்க. வண்டி ஃபுல்லா இருக்கு,” என்றான்.

டீச்சர் பின்னால் உட்கார்ந்து சஹானாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். வழியெல்லாம் சாலை விளக்குகள் அணைந்திருந்தன. அவள் ஒருமுறை மட்டும் கையை எடுத்து வயிற்றின்மேல் வைத்து, அப்படியே அழுத்திக்கொண்டாள்.

நஞ்சுக்கொடி முன்பே பிரிந்துவிட்டது என்றார் டாக்டர். தாய் பிழைத்தாள். குழந்தை பெண். அது அழவேயில்லை. மகிழன் அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, பொத்தான் மாறிய சட்டையோடு வெகுநேரம் நடைவழியில் நின்றான். இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் டாக்டரைக் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் அமலோற்பவம் டீச்சர் மின்கொடை வாரியத்தின் அலுவலகத்துக்குப் போனார். அருள்செல்வி என்ற உதவிப் பொறியாளர் அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். தூங்காத முகம். டீச்சர் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“அஞ்சுல ஒரு பங்கைத் தொட மாட்டோம்னு எழுதித்தானே வண்டி குடுத்தீங்க?” என்றார் டீச்சர்.

“அவசர நிலைன்னா அரசாணை போட்டு அதையும் எடுக்கலாம்னு அதுலயே இருக்கும்மா. இதுவரைக்கும் எடுத்ததில்ல. அன்னைக்கு எடுக்கலைன்னா மாநிலம் மொத்தமும் விழுந்திருக்கும். அப்படி விழுந்தா திரும்ப நிமித்த ரெண்டு மூணு நாளாகும். ஆஸ்பத்திரி, குடிதண்ணி பம்ப் எல்லாம் நின்னுடும். நாப்பத்தஞ்சு டிகிரியில எத்தனை பேர் போயிருப்பாங்கன்னு நினைச்சுப் பாருங்க.”

“சரி. எல்லார் வண்டியிலயும் கொஞ்சம் கொஞ்சமா எடுத்திருக்கலாமே. எங்க கட்டடத்துல மட்டும் ஏன் துடைச்சு எடுத்தீங்க?”

அருள்செல்வி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“அதை ஆளுங்க முடிவு பண்றதில்லம்மா, மெஷின்தான் பண்ணுது. அவசரத்துல அதுக்கு நம்பகமான இடம் வேணும். கை வெச்சா கண்டிப்பா கிடைக்கும்கிற இடம். எந்தக் கட்டடம் ஒரு நாளும் தவறினதில்லன்னு பார்த்து அங்க முதல்ல எடுக்கும். சொருகியும் சொருகாமலும் இருக்கறவங்களை அது கணக்குலயே சேர்க்காது.” சற்று நிறுத்தி, தணிந்த குரலில் சொன்னாள்: “கறக்கிற மாட்டைத்தானேம்மா கறக்க முடியும்.”

“அப்ப நாங்க ஒழுங்கா இருந்ததுதான் தப்பா?”

“அப்படி நான் சொல்ல மாட்டேன்.”

“அந்தக் கரண்ட் எங்க போச்சு? ஆஸ்பத்திரிக்கா?”

“எங்கன்னு தனியா சொல்ல முடியாதும்மா. எல்லா இடத்துக்கும்தான். எங்க அம்மா வீட்டு ஃபேன்கூட அதுலதான் ஓடியிருக்கும்.”

டீச்சர் எழுந்துகொண்டார். கோபப்படுவதற்கு எதிரே ஒரு முகம் வேண்டும் என்று நினைத்துத்தான் வந்திருந்தார். அந்தப் பெண்ணின் முகத்தில் கோபப்பட ஒன்றுமில்லை.

அன்று மாலை குடியிருப்பின் கைபேசிக் குழுவில் எழுதினார். என்னுடைய வண்டியை இனிச் சொருகப் போவதில்லை. மானியத்தைத் திருப்பிக் கேட்டால் கேட்கட்டும். அந்த ஐந்தில் ஒரு பங்கு எந்த நிலையிலும் நம்முடையதுதான் என்று அரசாங்கம் எழுதித் தரும்வரை யாரும் சொருக வேண்டாம். செயலாளர் பொறுப்பிலிருந்தும் விலகிக்கொள்கிறேன்.

யாரும் பதில் எழுதவில்லை. யாரோ ஒருவர் கைகூப்பும் படம் போட்டார்.

பொழுது சாய்ந்தது. மின்சாரம் போயிற்று. அவர் கீழே போய்ப் பார்த்தார். பார்த்த பெட்டிகளிலெல்லாம் பச்சை. அவருடையதில் மட்டும் சிவப்பு. மகிழனின் வண்டி எப்போதும் நிற்கும் இடம் தூணுக்கு அப்பால் இருந்தது. அந்தப் பக்கம் போக அவருக்குத் துணிவு வரவில்லை.

காஜா மொய்தீன் வந்தார். உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றார்.

“நீங்க சொல்றது நியாயம்தான் டீச்சர். அந்தப் பிள்ளைக்கு நடந்தது நமக்கும் நடக்கலாம். ஆனா நியாயத்தை விரிச்சு அதுல தம்பியைப் படுக்கவைக்க முடியுமா?”

“எல்லாரும் சேர்ந்து நின்னா ஒரு வாரத்துல வழிக்கு வருவாங்க பாய்.”

“ஒரு வாரம் அவன் தாங்க மாட்டானே.”

அவர் போய்விட்டார். அவரும் மனைவியும் தம்பியைப் புரட்டிப் போடும் சத்தம் அன்று திறந்த ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. டீச்சர் ஜெபமாலையை எடுத்து உட்கார்ந்தார். பாதியிலேயே மனம் விட்டுப்போயிற்று.

மறுநாள் மாலையும் இருட்டு. படிக்கட்டில் ஏறி இறங்கியவர்கள் அவர் வீட்டைத் தாண்டும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். “மானியம் மட்டும் வேணும்,” என்று ஒரு பெண் குரல் சொன்னது காதில் விழுந்தது. மீதியைக் கேட்க வேண்டியதில்லை. அவர் சொல்லிக் கொடுத்த வாக்கியம்தான். எதிரே மங்களத்தின் பால்கனியிலிருந்து துரைக்கண்ணு அவரைப் பார்த்துக் கையசைத்தான். பதிலுக்குக் கையசைத்தார். ஒரே இருட்டுக்குள் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது அவருக்கு. பிடிவாதம் கொஞ்சம் கூடியது. இன்னும் ஒரு வீடு தன்னோடு சேர்ந்தால் போதும். அது எந்த வீடாக இருக்கும் என்பதிலும் அவருக்குச் சந்தேகம் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் முதலில் அவன் வருவான்.

அவன் வந்தான். அதற்கடுத்த மாலை, மின்சாரம் போன சற்று நேரத்துக்கெல்லாம் கதவைத் தட்டும் சத்தம். திறந்தால் மகிழன். முகத்தில் தாடி வளர்ந்திருந்தது.

“உள்ள வாப்பா,” என்றார். “சஹானாவைக் கூட்டிட்டு வந்துட்டியா? நானே மேல வரணும்னு இருந்தேன். உன் முகத்துல முழிக்க என்னால...”

“பரவாயில்ல டீச்சர்.”

“எல்லாத்தையும் விசாரிச்சுட்டேன்பா. விட மாட்டேன். இவங்க எல்லாரும் என்னை என்ன வேணா சொல்லட்டும். நீயும் நானும் சேர்ந்து...”

“டீச்சர்,” என்றான் அவன். “வண்டியைச் சொருகிடறீங்களா?”

அவருக்குப் புரியவில்லை. “யாரு? நானா?”

“அவளுக்குப் பால் கட்டிக்கிச்சு. மாத்திரை குடுத்திருக்காங்க, இன்னும் நிக்கல. நெஞ்சு கல்லு மாதிரி இருக்கு. காய்ச்சல் வேற. இந்த வெக்கையில படுக்கவும் முடியல, உக்காரவும் முடியல. ஈரத்துணி போட்டா அடுத்த நிமிஷம் காஞ்சுடுது. ஐஸ் வைக்கச் சொன்னாங்க, ஃபிரிட்ஜ் ஓடல.” சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தான். “கொஞ்சம் காத்து வந்தாப் போதும் டீச்சர். தூங்கிடுவா.”

டீச்சர் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டார்.

“நீயா வந்து கேக்கற, மகிழா?”

“வேற யாரைக் கேக்கறது?”

அவர் உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்தார். லிஃப்ட் நின்றிருந்தது. படிக்கட்டில் அவருடைய கால் தடுமாறியபோது அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். கீழ்த்தளத்தில் பச்சை விளக்குகளின் மங்கிய வெளிச்சத்தில் வண்டிகள் வரிசையாக நின்றன. தூணுக்கு அப்பால் மகிழனின் கார். அதன் வயரும் சொருகியிருந்தது.

“நீ எப்ப சொருகினே?” என்று கேட்டார்.

“அன்னைக்குக் கிளம்பற அவசரத்துல உருவிப் போட்டிருந்தேன். ஆஸ்பத்திரியிலேருந்து முதல் நாள் துணி எடுக்க வந்தேன்ல. அப்பவே.”

“அன்னைக்கேவா?”

“பாய் படியில உக்காந்திருந்தார் டீச்சர். என் வண்டியாலதான் கரண்ட் இல்லைன்னு அவர் சொல்லல. சும்மாதான் உக்காந்திருந்தார்.”

அமலோற்பவம் டீச்சர் ஆணியிலிருந்து வயரைக் கழற்றினார். மங்கிய வெளிச்சத்தில் அது துவாரத்தில் சரியாகப் பொருந்தவில்லை. மகிழன் அவருடைய கையின்மேல் தன் கையை வைத்து அழுத்தினான். பெட்டியில் சிவப்பு பச்சையாக மாறியது.

தலைக்குமேல் குழல்விளக்குகள் சிமிட்டி எரிந்தன. முதல் மாடியிலிருந்து ஐந்தாம் மாடிவரை குழந்தைகள் ஒன்றுசேர்ந்து ‘ஹே’ என்று கத்தினார்கள். பெரியவர்கள் சிலரும் அதில் சேர்ந்துகொண்டார்கள். யாரோ கைதட்டினார்கள்.

அந்தச் சத்தம் அடங்கும்வரை மகிழன் தலையைத் தூக்கி மேலேயே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, “வரேன் டீச்சர், ஐஸ் வைக்கணும்,” என்று சொல்லிவிட்டு லிஃப்டை நோக்கி வேகமாக நடந்தான்.